பாஸ்க் மொழியில் பட்டப்படிப்பு: முதலில் வந்தது பாடநூலா, அனுமதியா?

ஸ்பெயினின் வடக்கு ஓரத்திலும் அதையொட்டிய பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலுமாக ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் பேசும் மொழி பாஸ்க். அவர்கள் அதை எயுஸ்காரா என்கிறார்கள். தமிழ்நாட்டின் நடுத்தர மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகையைவிடக் குறைவான கூட்டம் இது. உலகின் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத மொழி, 1975 வரை ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைய விடாத மொழி. இன்று அந்த மொழியில் இயற்பியல் படிக்கலாம், பொறியியல் படிக்கலாம், சட்டம் படிக்கலாம், கணினியியல் படிக்கலாம். பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேருகிற மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாஸ்க் வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்குள் நடந்த மாற்றம் இது.

எப்படி நடந்தது என்று கேட்டால் 'தன்னாட்சி கிடைத்தது, சட்டம் வந்தது, அதனால் நடந்தது' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது பாதி உண்மைதான். சட்டம் வருவதற்கு முன்பே பாடம் தயாராக இருந்தது. எங்கெல்லாம் முன்கூட்டியே ஆட்களும் நூல்களும் தயாராயினவோ அங்கெல்லாம் மொழி நின்றது, தயாராகாத இடங்களில் சட்டம் இருந்தும் இன்றுவரை தடுமாறுகிறது. இரண்டு பக்கத்தையும் பார்த்தால்தான் இந்த நிகழ்வு முழுதாகப் புரியும்.

அனுமதிக்கு முந்தைய காலம்

1936இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் நடுவில், புதிதாக அமைந்த பாஸ்க் அரசு பில்பாவோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. மருத்துவப் புலம் மட்டும் திறந்தது. 1937 ஜூனில் பில்பாவோ பிராங்கோவின் படையிடம் விழுந்ததும் அதுவும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு 1968 வரை அந்த வட்டாரத்துக்கென்று ஒரு அரசுப் பல்கலைக்கழகம் கிடையாது. அந்த வருடம் தொடங்கிய பில்பாவோ பல்கலைக்கழகமும் ஸ்பானிஷில்தான் நடந்தது.

இந்த இடைவெளியில் மொழி வீடுகளுக்குள் போனது. 1940களில் எல்பிரா சிபிட்ரியா என்ற ஆசிரியை தொனோஸ்தியாவில் (சான் செபாஸ்டியன் என்றால் பலருக்குத் தெரியும்) குழந்தைகளை வீட்டில் வைத்து பாஸ்க் மொழியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1960களில் பெற்றோர்கள் சேர்ந்து நடத்திய இகஸ்தோலா என்ற பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின. பிள்ளைகள் வளர்ந்து உயர்கல்விக்கு வரும்போது என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது.

ஆனால் பல்கலைப் பாடத்துக்கு முதலில் ஒரு பொது எழுத்து வழக்கு வேண்டும். பாஸ்க் மொழியில் வட்டார வழக்குகளுக்கிடையே வேறுபாடு அதிகம். 1968 அக்டோபரில் அரான்ட்சாசு மடத்தில் பாஸ்க் மொழிக் கழகமான எயுஸ்கால்ட்சாயிண்டியா கூடி, மொழியியலறிஞர் கோல்டோ மிட்செலேனாவின் அறிக்கையை அடிப்படையாக வைத்துப் பொது வழக்குக்கு வித்திட்டது. 'ஹ' எழுத்தை எழுதுவதா வேண்டாமா என்பதற்கே வருடக்கணக்கில் சண்டை நடந்தது. பிரான்ஸ் பக்கத்தில் அந்த ஒலியை உச்சரிப்பார்கள், ஸ்பெயின் பக்கத்தில் உச்சரிப்பதில்லை. கடைசியில் எழுத்தை வைத்துக்கொண்டார்கள். சண்டை முடியட்டும், அப்புறம் பாடநூல் எழுதலாம் என்று அறிவியல்காரர்கள் காத்திருக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1972இல் தொனோஸ்தியாவில் பொறியியல் மாணவர்கள் சிலர் சேர்ந்து எல்ஹுயார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1783இல் பெர்காராவில் டங்ஸ்டன் தனிமத்தைப் பிரித்தெடுத்த எல்ஹுயார் சகோதரர்களின் பெயர் அது. இரண்டு வருடத்தில் அறிவியல் இதழ் வந்தது. 1973இல் பாஸ்க் கோடைப் பல்கலைக்கழகம் ஆரம்பமானது, அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில் உள்ள தொனிபானே லோயிசுனே என்ற கடற்கரை ஊரில், ஏனென்றால் இந்தப் பக்கம் பிராங்கோ இன்னும் உயிரோடு இருந்தார். பட்டம் கிடையாது, சான்றிதழுக்கு மதிப்பு கிடையாது. கோடை விடுமுறையில் கூடி இயற்பியலையும் கணிதத்தையும் சமூக அறிவியலையும் பாஸ்க் மொழியில் சொல்லிப் பார்த்தார்கள், சொல்ல வராத இடத்தில் நின்று விவாதித்தார்கள், அந்த விவாதத்தைக் குறிப்பாக எழுதினார்கள், அடுத்த கோடையில் அந்தக் குறிப்பை வைத்தே இன்னொருவர் பாடம் எடுத்தார். பிராங்கோ 1975இல் இறந்தார். 1977இல் கோடைப் பல்கலை ஸ்பெயின் பக்கத்தில் உள்ள பம்ப்லோனாவுக்கு இடம்பெயர்ந்தது. அதே வருடம் கலைச்சொல் அகராதிகளுக்காகவே உசெய் என்ற மையம் உருவானது.

இவ்வளவுக்கும் பிறகுதான் 1979இல் தன்னாட்சிச் சட்டம், 1980இல் பில்பாவோ பல்கலைக்கழகம் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகமாக மாறியது, 1982இல் பாஸ்க் மொழிப் பயன்பாட்டுச் சட்டம், 1983இல் பள்ளிகளுக்கான மொழிவழி ஆணை. இந்த வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சட்டம் முதலில் வந்து, பாடம் நடத்த ஆளும் இல்லாமல் நூலும் இல்லாமல் இருந்திருந்தால், 'இந்த மொழியில் முடியாது என்று பார்த்தாயிற்றே' என்ற பேச்சு இரண்டே வருடத்தில் எழுந்திருக்கும். அந்தப் பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால் அதை அடக்க ஒரு தலைமுறை ஆகும்.

வகுப்புக்குள் மொழி என்ன ஆனது

கலைச்சொல் என்றதும் தூய்மையா, கடனா என்ற பழைய வழக்கு வரும். பாஸ்க் மொழியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி எல்லாவற்றுக்கும் புதுச்சொல் படைக்கும் தீவிரம் ஒன்று இருந்தது. 1970களின் அறிவியல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். விசைக்கும் வேகத்துக்கும் வேலைக்கும் மொழியிலேயே இருக்கும் சொல், ஆற்றலுக்கும் அணுவுக்கும் உலகம் முழுக்கப் புழங்கும் சொல். கடன் வாங்கினாலும் தங்கள் மொழியின் ஒலிமரபில் வாங்கினார்கள்: எலக்ட்ரான் எலெக்ட்ரோய் ஆனது, புரோட்டான் புரோடோய் ஆனது, நியூட்ரான் நெயுட்ரோய் ஆனது. சாதாரணப் பேச்சில் லாரிக்குக் கமியோய் என்று சொல்கிற அதே ஒலிமாற்றம்தான், அதனால் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

சொல்லைவிட வாக்கியம்தான் பெரிய வேலை வைத்தது. இது தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும். பாஸ்க் மொழியிலும் வினை பெரும்பாலும் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டும், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வரும். இயற்பியல் பாடத்தில் வரும் ஒரு சாதாரணத் தொடர்: 'கோர்புட்ஸ் பாடென் கைனேயான் எராகிடென் டுடென் இண்டாரென் பாடுரா'. அப்படியே அதே வரிசையில் தமிழில் வைத்தால், 'பொருள் ஒன்றின் மேல் செயல்படுகிற விசைகளின் கூட்டுத்தொகை'. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. (இதை வைத்து உறவுமொழி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அமைப்பு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான், இந்த அமைப்பு கொண்ட மொழிகள் உலகில் நிறைய உண்டு.)

இந்தத் தொடர் சுலபம். ஆனால் ஒரு வரையறையில் மூன்று நிபந்தனைகள் இருந்தால் மூன்றும் பெயருக்கு முன்னால் வந்து குவியும், படிக்கிற மாணவன் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலேயே மூன்று வரி போக வேண்டும். வாக்கியத்தை உடைத்து இரண்டாக எழுதுவதா, ஸ்பானிஷ்போலப் பெயருக்குப் பின்னால் விளக்கத்தைத் தொங்கவிடுவதா என்று பாஸ்க் எழுத்தாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. அதேபோல் குறியீடுகள். எக்ஸ், ஒய் என்ற குறியீட்டில் வேற்றுமை உருபை எப்படி ஒட்டுவது, நடுவில் சிறுகோடு போடுவதா, வாய்விட்டுப் படிக்கும்போது பின்னத்தை எந்த வரிசையில் சொல்வது, வேதிவாய்பாட்டின் முடிவில் உருபு வந்தால் எந்த ஒலிப்படி எழுதுவது. ஸ்பானிஷிலோ ஆங்கிலத்திலோ இந்தக் கேள்விகளே எழாது, ஏனென்றால் அங்கே முன்னிடைச்சொல் தனியே நின்றுகொள்ளும். ஒட்டுநிலை மொழியில் பல்கலைப் பாடம் எழுதுகிற யாரும் முதல் பக்கத்திலேயே இதில் முட்டிக்கொள்வார்கள். இவர்கள் உட்கார்ந்து பேசி, விதி எழுதி, கரும்பலகையில் சோதித்து, மாணவர் வாயில் நிற்காததை விட்டுவிட்டு, நின்றதை வைத்துக்கொண்டார்கள்.

அகராதி இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அகராதியில் இருக்கும் சொல்லும் வகுப்பில் புழங்கும் சொல்லும் ஒன்றாக இருப்பதில்லை என்பது காலப்போக்கில் தெரிய வந்தது. பில்பாவோ அருகே உள்ள லேயோவா வளாகத்தில் ஒருவர் ஒரு சொல்லும், தொனோஸ்தியாவில் இன்னொருவர் அதே கருத்துக்கு வேறு சொல்லும் பயன்படுத்தினார்கள். அதனால் பல்கலை ஒரு திட்டம் வைத்தது. ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பாடக்குறிப்புகளைக் கொடுப்பார்கள், அவற்றிலிருந்து கலைச்சொற்கள் பிரித்தெடுக்கப்படும், வேறுபடும் இடங்களில் அந்தத் துறை ஆசிரியர்களே மொழியியலாளர்களுடன் உட்கார்ந்து பேசுவார்கள். சொல்லைத் தீர்மானிப்பது அந்தப் பாடத்தை நடத்துகிறவர் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. குழு அமைத்து மேலிருந்து சொற்பட்டியல் அனுப்பும் முறையில் பட்டியல் அலமாரியிலேயே இருந்துவிடும். இதோடு, அறிவியல் மாணவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் பாஸ்க் மொழியில் ஆய்வக அறிக்கை எழுதுவது, கருத்தரங்கில் பேசுவது என்று தனிப் பாடங்களும் உண்டு. ஆங்கிலத்தின் பெரிய பொது இயற்பியல் பாடநூல் போன்றவற்றைப் பல்கலையே மொழிபெயர்த்து வெளியிட்டது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்துத் தேடக்கூடிய ஒரு தரவுத்தொகுதியையும் திறந்து வைத்திருக்கிறது.

சுமை யார் தோளில்

பல்கலையில் இரண்டு வழிகள் உண்டு, ஒரே பாடம் ஸ்பானிஷ் பிரிவிலும் பாஸ்க் பிரிவிலும் தனித்தனியாக நடக்கும். மாணவருக்கு இரண்டில் எதையும் கேட்கும் உரிமை உண்டு, கொடுக்க வேண்டிய கடமை பல்கலைக்கு உண்டு, ஆனால் ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியரைப் பாஸ்க் கற்றுக்கொண்டு நடத்து என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே இருமொழி தெரிந்தவர்களுக்கென்று தனிப் பணியிடங்களை உருவாக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான், ஏனென்றால் யாருடைய வேலையும் போகவில்லை, சண்டையும் குறைந்தது. ஆனால் அதன் விலையை இளம் ஆசிரியர்கள் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் பிரிவில் ஒரு பாடத்தை இருபது வருடமாக ஒரே பேராசிரியர் நடத்துவார், நூல்களும் வினாவங்கியும் தயாராக இருக்கும். பாஸ்க் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு மூன்று வெவ்வேறு பாடங்களைத் தூக்கிச் சுமந்து, நூல் இல்லாத இடத்தில் இரவு உட்கார்ந்து குறிப்பு எழுதி, அதற்கு மொழித் திருத்தமும் வாங்கி, காலையில் வகுப்புக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய வயதொத்த மற்றொருவர் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்.

இன்று ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரால் பாஸ்க் மொழியில் பாடம் நடத்த முடியும், இளநிலைப் பட்டங்களின் கட்டாயப் பாடங்களில் பெரும்பகுதி கிடைக்கிறது. இதை எட்டியது அரசாணையால் மட்டும் என்று எழுதுவது அந்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மருத்துவத்தில் நின்றுபோன இடம்

மருத்துவப் படிப்பு ஆறு வருடம். உடற்கூறியல், உயிர்வேதியியல் என்று வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் நடக்கும் தொடக்க வருடங்கள் பாஸ்க் மொழியில் நன்றாகவே நடக்கின்றன. மருத்துவமனைக்குள் போனதும் நிலைமை மாறுகிறது. பில்பாவோவின் பசுர்டோ, பக்கத்தில் உள்ள குருசெஸ், தொனோஸ்தியா, விட்டோரியா மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கையருகே கற்பிப்பவர் பொதுச் சுகாதாரச் சேவையின் சிறப்பு மருத்துவர். அவர் நிபுணராக இருக்க வேண்டும், நிரந்தரக் கற்பித்தல் பணியிடத்துக்கு முனைவர் பட்டமும் கல்வித் தகுதிச் சான்றும் வேண்டும், அதற்கு மேல் பாஸ்க் மொழியும் வேண்டும். மூன்றும் சேர்ந்த ஆள் குறைவு. நோயாளியின் கோப்பு பெரும்பாலும் ஸ்பானிஷில், துறைக் கூட்டம் ஸ்பானிஷில். ஆக, மூன்று வருடம் பாஸ்க் மொழியில் நரம்பு மண்டலத்தைப் படித்த மாணவி, நரம்பியல் வார்டில் நிற்கும்போது அந்தச் சொற்களை வாயில் எடுக்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. அதே வார்டில் பாஸ்க் மட்டுமே சரளமாக வரும் ஒரு கிராமத்துப் பாட்டி படுத்திருக்கலாம், அவரிடம் வலி எங்கே, எப்படி என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். மருத்துவத்தில் மொழிவழிக் கல்வி என்பது நோயாளியின் பாதுகாப்பும் சேர்ந்தது என்பதால் இந்தத் தேக்கத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே தவறியது என்ன? பல்கலை தன் கையில் இருந்ததைத் தயார் செய்தது. மருத்துவமனை பல்கலையின் கையில் இல்லை. இயற்பியலுக்கு ஒரு எல்ஹுயாரும் ஒரு கோடைப் பல்கலையும் பத்து வருடம் முன்னால் ஓடியதுபோல, மருத்துவமனைக்குள் யாரும் முன்னால் ஓடும் அளவுக்கு இடம் கிடைக்கவில்லை. மருத்துவத் துறையைப் பாஸ்க்மயமாக்க உழைக்கும் மருத்துவர், செவிலியர் அமைப்பு இருக்கிறது, கருத்தரங்கு நடத்துகிறது, ஆனால் பணி நியமனத்தில் அதற்குக் கை கிடையாது.

அடுத்த தேக்கம் முதுநிலையிலும் ஆய்விலும். இளநிலையில் பாதிக்கு மேல் பாஸ்க், முதுநிலைக்குப் போனால் சட்டென்று குறைந்து ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஏறிக்கொள்கின்றன, முனைவர் ஆய்வேடுகளில் பாஸ்க் சிறுபான்மை. எழுத முடியாமல் இல்லை. அறிவியல், தொழில்நுட்பத்துக்கு 1989 முதல் எகாயா என்ற ஆய்விதழைப் பல்கலை நடத்துகிறது. மனிதவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் கோடைப் பல்கலையின் உஸ்டாரோ உண்டு. 2015 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இகெர்காஸ்தே என்ற இளம் ஆய்வாளர் மாநாடு நடக்கிறது, அங்கே பேச்சும் கட்டுரையும் முழுக்கப் பாஸ்க். ஆனால் ஸ்பெயினில் ஆய்வாளர்கள் ஆறு வருடத்துக்கு ஒருமுறை தங்கள் ஆய்வைத் தேசிய மதிப்பீட்டுக்குக் கொடுக்கிறார்கள், சம்பள ஊக்கமும் பதவியும் அதைப் பொறுத்தவை, அந்த மதிப்பீட்டில் கனம் பெறுவது பன்னாட்டுப் பட்டியலில் உள்ள இதழ்கள், அதாவது ஆங்கிலம். எகாயாவில் எழுதுபவர் அன்பினால் எழுதுகிறார். ஒரு தலைமுறை அன்பினால் எழுதும், எல்லாத் தலைமுறையும் எழுதாது.

ஆங்கிலத்தில் எழுதுவதே துரோகம் என்று நான் சொல்ல வரவில்லை. தொனோஸ்தியா கணினிப் புலத்தில் 1988 முதல் பாஸ்க் மொழியைக் கணினிக்குக் கொண்டுபோகும் இக்சா குழுவைப் பாருங்கள். அவர்களுடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் உலகமெங்கும் போயின, அந்த ஆய்வின் பயன் பாஸ்க் மொழிக்கே திரும்பி வந்தது: எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்புக் கருவிகள், அந்த வழியில் வளர்ந்த ஹிட்ஸ் மையம் 2024இல் வெளியிட்ட லாட்சா என்ற செயற்கை நுண்ணறிவுப் பெரிய மொழி மாதிரி வரை. இத்தனை வருடம் பாஸ்க் மொழியில் பாடநூலும் ஆய்வேடும் கட்டுரையும் எழுதப்பட்டிருக்காவிட்டால் அந்த மாதிரிக்குப் படிக்க எழுத்து எங்கிருந்து கிடைத்திருக்கும்?

இன்னொரு கவலை வகுப்புக்கு வெளியே. 2021 கணக்கெடுப்பில் ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியைச் சேர்ந்த மூன்று மாகாணங்களில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 36 சதவீதத்துக்குச் சற்று மேல் பாஸ்க் தெரிந்தவர்கள், 16 முதல் 24 வயதுக்குள் பார்த்தால் நான்கில் மூன்று பங்கு. ஆனால் அதே வருடம் தெருவில் கேட்கும் பேச்சை அளந்தபோது, எல்லா பாஸ்க் வட்டாரங்களையும் சேர்த்து 11 சதவீதம்தான் பாஸ்க். 2016இல் இது 12.6. பாஸ்க் வழியில் வெப்ப இயக்கவியல் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்து ஸ்பானிஷில் அரட்டை அடிக்கும் மாணவர்கள் ஏராளம், பலருக்கு வீட்டு மொழி ஸ்பானிஷ் என்பதால். பல்கலையைக் குற்றம் சொல்ல முடியாத விஷயம், ஆனால் பல்கலை கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாத விஷயம்.

எல்லை தாண்டினால் இவ்வளவுகூட இல்லை. ஸ்பெயினிலேயே பக்கத்தில் உள்ள நவாராவில் 1986 சட்டம் மாகாணத்தை மொழிவாரி மண்டலங்களாகப் பிரித்தது. அங்கே உள்ள அரசுப் பல்கலையில் ஆசிரியர் பயிற்சி தவிர மற்ற துறைகளில் பாஸ்க் மொழியில் கிடைப்பது கொஞ்சம், அதனால் பல மாணவர்கள் பாஸ்க் தன்னாட்சிப் பகுதிக்கு வருகிறார்கள். பிரான்ஸ் பக்கம் மொழிக்கு அதிகாரபூர்வ நிலையே கிடையாது, 2021 மே மாதத்தில் அரசமைப்புக் கழகம் முழுநேர மொழிவழிப் பள்ளிக் கல்வியையே அரசமைப்புக்கு விரோதம் என்றது.

மருத்துவமனைப் பணியிடங்களைப் பொறுத்தவரை, பாஸ்க் தெரிந்த இளம் மருத்துவர்களை முனைவர் பட்டம் வரை கைகொடுத்து அழைத்துப்போக பல்கலையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து பத்து வருடத் திட்டம் போட்டால்தான் வார்டில் மொழி நுழையும், தனித்தனியாக ஆளுக்கொரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால் நுழையாது. ஆய்வு விஷயத்தில் மத்திய மதிப்பீட்டை மாற்றுவது அவர்கள் கையில் இல்லை. ஆனால் பாஸ்க் அரசுக்கென்றே பல்கலை ஆசிரியர்களின் தகுதியை எடைபோடும் சொந்த நிறுவனம் உண்டு, பல்கலைக்குள் பதவி உயர்வு விதிகளும் உண்டு. பாஸ்க் மொழியில் ஒரு பாடநூல் எழுதிய ஆசிரியருக்கும், எகாயாவில் தன் ஆய்வைச் சொன்னவருக்கும், பாஸ்க் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியவருக்கும் அந்த இரண்டு இடத்திலாவது முழு மதிப்பெண் கொடுக்கட்டும், அதற்கு மாட்ரிட்டின் கையெழுத்து தேவையில்லை.